ஏணிக்குச் சைபர்

பெட்டி பெட்டியாக ஓட்டு எண்ணிய காலம் அது. ஒரு பெட்டியை எண்ணி முடித்ததும், உள்ளே இருக்கும் கட்சிக்காரர் எவராவது பள்ளிக்கூடத்து மதில்மேல் ஏறி நின்று, இன்ன தெருப் பெட்டியில் இன்ன சின்னத்துக்கு இத்தனை என்று கத்துவார். கீழே ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டம் ஆடும், ஏசும், விசில் அடிக்கும். எந்தத் தெரு யாரைக் கைவிட்டது என்பது அடுத்த நிமிஷம் ஊருக்கே தெரிந்துவிடும்.

அறுபத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் அந்தக் கூட்டத்துக்குள் யேசுதாஸ் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான். துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். எதிர் டீக்கடை ரேடியோவில் பெரிய பெரிய தலைகள் உருண்டுகொண்டிருந்தன. ஒவ்வொரு செய்திக்கும் கூட்டம் ரேடியோப் பக்கம் சாய்ந்து திரும்பியது. அவன் திரும்பவில்லை. ராஜ்யம் யார் கைக்குப் போகிறது என்பது அன்றைக்கு அவன் கவலை இல்லை. அவன் ஒரே ஒரு பெட்டிக்காகக் காத்திருந்தான்.

அது கெபிச் சந்தின் பெட்டி. ராயபுரம் ரயில்வே யார்டின் பின்சுவரை ஒட்டி ஒடுங்கிக் கிடந்த சந்து அது. முனையில் கருங்கல் அடுக்கிக் கட்டிய சின்னக் குகை. அதற்குள் நீல அங்கி போட்ட மாதா. அந்தக் கெபிதான் சந்துக்குப் பெயர். முப்பது முப்பத்தைந்து குடும்பங்கள், எல்லாரும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள், பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் அதற்குள்ளேயே. ஆண்கள் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை. கைநாட்டு வைப்பவர் ஒருவர்கூட இல்லாத சந்து என்று அவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பெருமை இருந்தது, தண்ணீர் இல்லை. குழாய் வறண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கார்ப்பரேஷனில் மனு கொடுத்தால், நிலம் துறைமுகத்துடையது, அங்கே போய்க் கேள் என்றார்கள். துறைமுகத்தில் கேட்டால், குழாய் கார்ப்பரேஷனுடையது என்றார்கள். ரயில்வேயில் கேட்டதற்கு, நீங்கள் யார் என்றே கேட்டார்கள். அரிசிக்கு ரேஷன் கடையில் ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு இன்னொரு வரிசை, அங்கே நின்று முடித்துவிட்டுப் பெண்கள் சுவரின் உடைசல் வழியாக யார்டுக்குள் புகுந்தார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தூணடியில் குடத்தை வைத்துவிட்டு டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யார்டில் எஞ்சின் வேகனைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொள்ளும். வேகன் மட்டும் தன்பாட்டில் உருண்டு வரும். அந்தியில், சுவர் ஒன்று பெயர்ந்து நடந்து வருகிற மாதிரி சத்தமில்லாமல் வரும். போன மழைக்காலத்தில், இடுப்பில் நிறைகுடத்தோடு தண்டவாளம் தாண்டிய ஜெரினாவை அப்படி ஒரு வேகன்தான் கொண்டுபோயிற்று. இருதயம்மாளின் ஒரே மகள்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் சிலுவைமுத்துவுக்கு அந்த யோசனை வந்தது. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். யேசுதாஸின் அக்காள் ஆலிஸைக் கட்டி எண்ணூரிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். பங்குக்கு வெளியிலிருந்து சந்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஜெயிக்கறதுக்கு இல்லபா," என்று அவர் கெபி முன்னால் கூடிய சந்துக்காரர்களிடம் சொன்னார். "நம்ம ஓட்டு அல்லாம் ரெண்டு கட்சிக்கும் பிரிஞ்சி பூடுது. எண்றவனுக்கு நாம இன்னாருன்னே தெரியறதில்ல. மொத்த சந்தும் ஒரே ஆளுக்குக் குத்துனா அது பெட்டில தனியா நிக்கும். எவன் ஜெயிச்சாலும் அந்த நம்பரைப் பாப்பான். இங்க ஒரு சந்து கீதுன்னு தெரிஞ்சிக்குவான். அடுத்த எலக்சனுக்காச்சும் நம்ம கொழாயண்ட வந்து நிப்பான்."

ஆள் யார் என்று கேட்டபோது எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றார். யேசுதாஸ்தான் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டான். சுயேச்சை, ஏணிச் சின்னம். பார்லிமென்டுச் சீட்டில் அவரவர் இஷ்டம், சட்டசபைச் சீட்டில் ஏணி என்று ஏற்பாடு. வீடு வீடாகப் போய் யேசுதாஸ் சொல்லிக் கொடுத்தான்: "ஒரே குத்துதான். ரெண்டு எடத்துல பட்டா செல்லாது. தெரிதா?" ஓட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சந்து முழுதும் கெபி முன் நின்று, கையில் எரியும் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு மாதா பேரில் சத்தியம் செய்தது. கல்யாண வீட்டில்கூட அத்தனை பேர் ஒன்றாக நின்றதை யேசுதாஸ் பார்த்ததில்லை.

மதில்மேல் நின்றவர் துண்டுத்தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கெபிச் சந்தும் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸும் சேர்ந்த பெட்டி என்றார். இரண்டு பெரிய கட்சிகளின் எண்களையும் கத்தினார். கூட்டம் கத்தி ஓய்ந்தது. பிறகு சுயேச்சைகள்.

"ஏணிக்கு..." அவர் தாளைக் கிட்டே கொண்டுபோனார். "ஏணிக்குச் சைபர்."

கூட்டம் சிரித்தது. "பொண்டாட்டிகூட போடலபா," என்றான் ஒருவன். "சோறாச்சும் போடறாளா பாரு," என்றான் இன்னொருவன்.

யேசுதாஸ் சிரிப்பு அடங்கும் வரை அசையாமல் நின்றான். முதலில் கோபம் வந்தது. எத்தனை பேர், எத்தனை மெழுகுவர்த்தி, ஒருத்தர்கூட இல்லையா. வீட்டுக்குப் போகும் வழியில், கோயில் மதிலருகே, அந்தக் கோபம் நின்றுபோய் வேறு ஒன்று வந்தது. மற்றவர்களை விடு. தான் போட்டானே. சாக்குத் திரை மறைப்பு, ஈரமான மைத்தட்டு, ஏணிப் படத்தில் அழுந்தப் பதிந்த முத்திரை எல்லாம் நன்றாக நினைவிருந்தது. ஒன்று இருந்திருக்க வேண்டும். அவனுடைய ஒன்று. அது எங்கே?

செல்லாத ஓட்டுகளின் கணக்கை மதில்மேல் ஏறி யாரும் சொல்வதில்லை. உள்ளே உட்கார ஏணிக்கு ஏஜண்டும் இல்லை. அதற்கு முன்னாடியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வேட்பாளராக உள்ளே போயிருக்கக்கூடிய சிலுவைமுத்துவும் ஜுரம் என்று சொல்லி அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அவன் வருவதற்குள் செய்தி சந்துக்கு வந்துவிட்டிருந்தது. சண்டை நடக்கும், தலைமயிரைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்றிருந்தார். அவன் நெருங்கியதும் உள்ளே போனார்கள். யாரும் யாரையும் "நீ போட்டியா" என்று கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே. "போட்டேன்" என்று சொன்னால் சைபர் என்ற எண் முன்னால் வந்து நிற்கும். மற்றவர் பொய் சொல்கிறார் என்று நம்புவது சுலபம். தன்னுடையதும் அங்கே இல்லை என்பதை என்ன செய்வது? அவன் முகத்தில் இருந்த பயமே எதிர்வீட்டு முகத்திலும் இருந்தது. அதைப் பார்த்ததும் இரண்டு பேரும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

தவக்காலம் அது. எப்போதும் சாயங்காலத்தில் கெபி முன் ஜெபமாலை நடக்கும். அந்த வாரம் யாரும் வரவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் சந்து முனை வழியாகப் போகாமல், யார்டுச் சுவரின் உடைசலில் குனிந்து சுற்றிக்கொண்டு போனார்கள். சத்தியம் செய்தபோது ஒழுகிய மெழுகு கெபியின் படிக்கட்டில் உறைந்து கிடந்தது. அதைச் சுரண்டி எடுக்கவும் ஒரு கை முன்வரவில்லை. வறண்ட குழாயிலிருந்து பொழுது சாய்கிற நேரத்தில் காற்று வரத் தொடங்கியது. தூங்குகிறவர் மூச்சு மாதிரி நீளமாக இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும். முன்பு என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். இப்போது அந்தச் சத்தம் கேட்டதும் கதவுகள் சாத்தப்பட்டன.

சிலுவைமுத்து மட்டும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். அதுதான் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் சரி, காறித் துப்பியிருந்தால்கூடச் சரி. அவரோ எதிரே வந்தவர்களுக்கு வழிவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்று சிரித்தார்.

ஒரு நாள் காலை ஆலிஸ் தம்பி வீட்டுக்கு வந்தாள். கண் இடுங்கிப்போயிருந்தது.

"உங்க மச்சான் வூட்ல குந்தி சாப்பிடறதே இல்லடா. தட்டை வெச்சா நின்னுகினே பாக்கறாரு. வேற யாருக்கோ வெச்ச மாதிரி."

"ஜுரம் இன்னும் கீதா?"

"ஜுரம் இன்னா ஜுரம். பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பறதில்ல. பின்னால யாருனா வர்றாங்களான்னு பாக்கறாரு. நேத்து சாயந்தரம் தேடிப் போனா, யார்டுல தண்டவாளத்து மேல நடந்துகினு கீறாரு. வேகன் வருது, நான் கத்தறேன். கல்லு மாதிரி நிக்கிறாரு. கடேசில தோ, இவ்ளோ எடந்தான்." அவள் தன் முழங்கையைக் காட்டினாள். "நைனா, நீதான் அவரை நிக்க வெச்சே. நீதான் அவரைக் கூட்டிகினு வரணும். இன்னொரு ஜெரினா எனக்கு வேணாம்."

"நான் இன்னான்னு சொல்லுவேன் அக்கா?"

"நீ போட்டியா இல்லியா?"

சந்தில் முதல்முதலாக வாய்விட்டுக் கேட்கப்பட்ட கேள்வி அது. "போட்டேன்," என்றான் யேசுதாஸ்.

"நானும் போட்டேன்," என்றாள் ஆலிஸ்.

அன்று மத்தியான ஷிப்டு. மச்சானோடு இருக்க இரண்டு நாள் லீவு எடுப்பது என்று நினைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். ஷெட்டில் போர்மேன் ஒரு தாளை நீட்டி, எழுதிக் கொடு என்றார். யேசுதாஸ் சாக்குமூட்டை மேல் தாளை விரித்துப் பென்சிலை எடுத்தான். என்ன காரணம் எழுதுவது என்ற யோசனையோடு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்தபோது தாளின் தலையில் ஒரு சிலுவை போட்டிருந்தது.

அவன் போட்டதுதான். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. போட்ட நினைவு மட்டும் இல்லை.

பிள்ளையார் சுழி போடுகிறவர்களுக்கு இது புரியும். கெபிச் சந்துக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் ஸ்டானிஸ்லாஸ் உபதேசியார். கோயில் மணிக்கூண்டின் கீழே பங்குப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து, ஆணும் பெண்ணுமாக ஒருவர் விடாமல் எழுதப் பழக்கியவர். வெற்றுத் தாளைத் தொட்டால் முதலில் மேலே ஒரு சிலுவை. அதற்குப் பிறகுதான் எதுவும். மறந்தால் விரல் முட்டியில் புளியங்குச்சி விழும். கணக்குத் தப்பாகப் போனால் மன்னிப்பார், சிலுவையை மறந்தால் மாட்டார். மளிகைச் சீட்டோ கல்யாணக் கடுதாசியோ, சந்தில் எதன் தலையிலும் அந்தச் சிலுவை இல்லாமல் இருக்காது. யாரும் அதை நினைத்துப் போடுவதில்லை.

ஓட்டு முத்திரையும் ஒரு சிலுவைக்குறிதானே. வட்டத்துக்குள் குறுக்கே போகும் இரண்டு கோடுகள்.

யேசுதாஸ் சாக்குத் திரையை, மைத்தட்டை, ஏணியை மறுபடி மனசில் கொண்டுவந்தான். இந்தத் தடவை கையைப் பார்த்தான். கை நேராக ஏணிக்குப் போகவில்லை. முதலில் சீட்டின் தலைக்குப் போயிற்று. அங்கே விளிம்புக்கும் முதல் பெயருக்கும் இடையில் விரல் அகலம்கூடக் கிடையாது. முதல் கட்டத்தில் பாதி விழுகிற மாதிரி, மெதுவாக, மரியாதையாக ஒரு குத்து. அதற்குப் பிறகு ஏணி. ஒரே குத்துதான் என்று வீடு வீடாகச் சொன்ன அவனே இரண்டு குத்து குத்தியிருந்தான். வெளியே வந்தபோது ஒன்றுதான் குத்தினோம் என்று ஆணையிட்டிருப்பான்.

அவன் மட்டுமா? அந்த மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்த எல்லாரும். உபதேசியார் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் அன்றைக்கு ஒவ்வொருவரோடும் அவர் மறைப்புக்குள் வந்து, ஒவ்வொரு மணிக்கட்டையும் பிடித்து மேலே கொண்டுபோயிருக்கிறார். அதை நினைக்கப் பயமாக இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. ஒருவரும் துரோகம் செய்யவில்லை. லீவு கேட்டு எழுத வந்ததை மறந்து, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் ஓடினான்.

சிலுவைமுத்து யார்டில், தண்ணீர்த் தூணுக்கு அப்பால் தண்டவாளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நிலக்கரிப் புகையும் கடல் ஈரமும் கலந்து முழங்காலளவுக்கு மூட்டமாகக் கிடந்தது.

"மச்சான்."

அவர் திரும்பவில்லை. யேசுதாஸ் போய்த் தோளைத் தொட்டான். அவர் முதலில் பின்பக்கம் பார்த்தார்.

"யாரைக் கூப்டறே?"

"உங்களைத்தான். கேளுங்க மச்சான். அல்லாரும் போட்டோம். ஒருத்தரும் ஏமாத்தல." மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். தாளை விரித்துச் சிலுவையைக் காட்டினான். "மேல ஒண்ணு, ஏணில ஒண்ணு. ரெண்டு குத்து. செல்லாதுன்னு தூக்கிப் போட்டுட்டான். அவ்ளோதான் கத. நீங்களும் அப்டித்தான் போட்டிருப்பீங்க. நம்பாட்டி, தோ, உங்க பேரை எழுதிப் பாருங்க."

தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பென்சிலோடு கொடுத்தான். சிலுவைமுத்து தொடையில் தாளை வைத்து எழுதினார். மேல்விளிம்பை ஒட்டியே, சிலுவைமுத்து என்று முழுப்பெயர். அதற்கு மேலே எதுவும் இல்லை.

யேசுதாஸ் தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு உடனே விளங்கவில்லை.

"நான் எண்ணூர்ல போர்டு ஸ்கூல்ல படிச்சவன்பா," என்றார் சிலுவைமுத்து. "உங்க உபதேசியாரு மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல."

"அப்போ உங்க சீட்டு..."

"செல்லும். செல்லிச்சு."

ஏணிக்குச் சைபர் என்று மதில்மேல் நின்றவர் சொன்ன குரல் யேசுதாஸின் காதில் இன்னொரு தடவை கேட்டது. அவரே சொன்னார்.

"மறைப்புக்குள்ள போனேன். சீட்டுல என் பேரு அச்சடிச்சி கீது. பக்கத்துல ஏணி. என் பேருக்கு நானே குத்திக்கணும். பந்தியில மொத ஆளா குந்திகினு தன் எலைக்குத் தானே அள்ளிப் போட்டுக்கற மாதிரி கூச்சமா பூட்ச்சி. ஒரு ஓட்டு கொறஞ்சா இன்னா, மீதி அல்லாம் வருதேன்னு பக்கத்து சின்னத்துல குத்திட்டு வந்துட்டேன். வெளிய வந்தப்பறந்தான் மெழுகுவத்தி பிடிச்ச ஞாபகம் வந்திச்சு." அவர் அதே சிரிப்பைச் சிரித்தார். "சைபர்னு வந்து சொன்னாங்க. ஒண்ணு கொறையும்னு நெனச்சேன், மொத்தமும் பூட்ச்சி. நான் ஊதி அணைச்சது என் வத்தியை மட்டுந்தான். கெபி அம்மா எல்லா வத்தியையும் அணைச்சிட்டா."

"அம்மா இல்ல மச்சான். எங்க கைதான். இப்பத்தானே காட்டுனேன்."

"காட்டுனே. அதையும் யோசிச்சிப் பாரு." அவர் குரல் தாழ்ந்தது. "சாமி பேரால சிலுவை போட்ட சீட்டு அல்லாம் குப்பைக்குப் போச்சு. பொய்ச் சத்தியம் பண்ணவன் சீட்டு ஒண்ணுதான் நல்ல சீட்டுன்னு எண்ணிகீறாங்க. இது அத்தவிட பயமா இல்லியா உனக்கு?"

அவருடைய தோளுக்குப் பின்னால் மூட்டத்தில் ஒரு பகுதி மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை. கறுப்பு அகலமாயிற்று. அதில் இரும்பு முட்டுகள் இரண்டு தெரிந்ததும் அவன் மச்சானின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் ஜல்லியில் விழுந்தார்கள். வேகன் அவர்கள் கால்மாட்டில் நிதானமாகக் கடந்து போயிற்று. தூரத்தில் மற்ற வேகன்களோடு போய் முட்டியபோதுதான் அதற்குக் குரல் வந்தது.

"எழுந்திருங்க," என்றான் யேசுதாஸ். "அக்கா தேடுவா."

சுவரின் உடைசலில் ஆலிஸ் நின்றிருந்தாள். அவளோடு சந்தே நின்றிருந்தது. முட்டிய சத்தம் கேட்டு வந்தவர்கள். முன்னால் இருதயம்மாள். அந்தச் சத்தம் கேட்டால் அவள் எப்போதும் முதலில் வந்துவிடுவாள்.

யேசுதாஸ் தாளை அவளிடம் கொடுத்தான். சிலுவை உள்ள பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்து, நடந்ததைச் சொன்னான். மச்சான் பற்றிச் சொல்லவில்லை. அவன் முடித்தபோது யாரும் மகிழ்ச்சி அடையவில்லை. எல்லாரும் தங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இருதயம்மாள் தாளைத் திருப்பினாள். மறுபக்கத்துப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முத்து," என்றாள்.

ஓட்டு எண்ணிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் தன் பெயருக்குத் திரும்பினார்.

"நீ நம்ம ஸ்கூலு இல்லியே. உன்னுது செல்லியிருக்கணுமே."

யேசுதாஸ் வாயெடுத்தான். ஒரு பொய் தயாராக இருந்தது. சிலுவைமுத்து அவன் கையை அழுத்தித் தடுத்தார்.

"செல்லிச்சுக்கா. நான் ஏணில குத்தல. வேற சின்னத்துல குத்துனேன்."

யாரும் ஏசவில்லை. இருதயம்மாள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிலுவைமுத்து அவர்கள் நடுவே நடந்து வீட்டுக்குப் போனார். ஆலிஸ் பின்னால் ஓடினாள். அவர் கைகாலில் இருந்த கரியைக் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் கழுவிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பசிக்குது," என்றார். அவள் சோறு போட்டாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். வாரக்கணக்கில் சாப்பிடாதவர் சாப்பிடுகிற மாதிரி, வழித்து வழித்து.

வாசலில் நிழல் விழுந்தது. யேசுதாஸ் எட்டிப் பார்த்தான். சந்தில் இருந்தவர்கள் வீடுகளுக்குப் போகவில்லை. ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவராக வாசலை அடைத்துக்கொண்டு நின்று, அவர் வலது கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த முகத்திலும் கோபம் இல்லை. அந்தச் சந்தில் சொந்தக்காரர் சொன்னபடி கேட்ட கை அது ஒன்றுதான்.

"போங்கபா, போய் வேலையைப் பாருங்க," என்றான்.

ஒருவரும் நகரவில்லை. உள்ளே சிலுவைமுத்து தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். ஆலிஸ் ஊற்றினாள்.